ஏழாம் வகுப்பின் செலக்‌ஷன் மேசை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். என் கணவர் ஜெயகரன் இதைச் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருப்பதால் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 1979 ஜூன் மாதம் எனக்கு வந்த கோபம் ஒரு கண்ணாடி பீரோவின் மேல்.

ஆம்பூரில் திருச்சபை நடத்திய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். அந்த பீரோ தலைமை ஆசிரியர் ஐசக் சாரின் அறையில் நின்றது. உள்ளே இருநூற்றுப் பதினாறு கதைப் புத்தகங்கள். எல்லாம் பிள்ளைகளுக்கென்றே வாங்கியவை. ஒன்றைக்கூட எந்தப் பிள்ளையும் தொட்டதில்லை. வருகைப் பதிவேட்டை வைக்க அந்த அறைக்குப் போகும் பிள்ளைகள், மிட்டாய்க் கடை முன்னால் நிற்பதைப் போலக் கண்ணாடி வழியாக அட்டைப் படங்களைப் பார்த்துவிட்டு வருவார்கள். என்றோ ஒரு வருஷம் தணிக்கைக்கு வந்தவர் ஒரு புத்தகம் குறைகிறது என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனாராம். அன்றைக்குப் போட்ட பூட்டு. ஐசக் சார் அதே பள்ளியில் படித்து வளர்ந்தவர். கெட்டவர் அல்ல, பயந்தவர். பயந்தவர்களைக் கண்டால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வரும்.

இரண்டு வாரம் தினமும் அவர் மேசை முன்னால் போய் நின்றேன். என் தொல்லை தாங்காமல் ஒரு வெள்ளிக்கிழமை சாவியை வளையத்திலிருந்து கழற்றினார்.

"அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் நானே வந்து ஒவ்வொரு புக்கா பார்ப்பேன் டீச்சர். ஒண்ணு காணாம போனாலும் சரி, ஒரு பக்கம் கிழிஞ்சாலும் சரி, சாவி என்கிட்ட திரும்பி வந்துடணும். அதுக்கப்புறம் நீங்க கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன் சார்," என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

பீரோவை நான்கு பேர் தூக்கி வந்து எங்கள் வகுப்பில் வைத்தார்கள். நாற்பத்து மூன்று பிள்ளைகள். பாதிக்கு மேல், தோல் பதனிடும் டேனரிகளில் வேலை செய்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நான் கதவைத் திறந்துவிட்டு, ஏதோ சொர்க்கத்தையே திறந்துவிட்டவளாக ஒதுங்கி நின்றேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் நானே ஆளுக்கொன்றாகக் கொடுத்தனுப்பினேன். திங்கட்கிழமை எல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தன. பத்திரம் என்றால் அப்படியொரு பத்திரம். அருணகிரி என்ற பையன் தான் கொண்டுபோன புத்தகத்துக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டு, அதன் மேல் தன் பெயரையும் வகுப்பையும் எழுதிக்கொண்டு வந்திருந்தான். உள்ளே பக்கங்கள் அச்சகத்தில் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தன.

"படிச்சியாடா?"

"படிச்சேன் டீச்சர்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்ல கதை டீச்சர்."

நாற்பத்து மூன்று பேரிடமும் அதே பதில்தான். வாசிப்பின் பயன்களைப் பற்றி ஒரு நீண்ட பிரசங்கம் செய்தேன். படிப்பவர்களுக்குப் பென்சில் என்று ஆசை காட்டினேன். சுவரில் பெயர்ப் பட்டியல் ஒட்டி நட்சத்திரம் வைத்தேன். பட்டியலில் நட்சத்திரம் ஏறியது, பிள்ளைகள் தலைக்குள் ஒரு வரியும் ஏறவில்லை. மூன்று வாரத்தில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஒரு சாயங்காலம் என் கணவருக்குத் தோசை சுட்டுப் போட்டுக்கொண்டே இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவருக்கு ஒரு டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலை. செலக்‌ஷன் என்று சொல்வார்கள். பதனிட்டு வந்த தோலை வடக்குப் பார்த்த ஜன்னலோரம் மேசையில் விரித்து, கண்ணால் பார்த்து, கையால் தடவி, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று முடிவு செய்ய வேண்டும். ஒன்றுக்கும் உதவாததை ரிஜெக்ட் என்று ஒதுக்க வேண்டும். இருபது வருஷம் இந்த வேலை செய்த மனிதருக்கு வீட்டிலும் அதே புத்திதான். நான் போடுகிற தோசையைத் திருப்பிப் பார்க்காமல் அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

"ஏன் கிருபை, புக்கைக் குடுக்கறப்ப நீ இன்னா சொல்லிக் குடுக்கறே?" என்று கேட்டார்.

"நல்ல புக்கு, படிங்கன்னு சொல்றேன்."

"அதான் தப்பு. நல்லதுன்னு நீயே முடிவு பண்ணிட்டே. அப்புறம் அதுங்க இன்னாத்துக்குப் பாக்கணும்? எங்ககிட்ட எவனும் நல்ல தோலுன்னு சொல்லிக் குடுக்கறதில்ல. இதுல இன்னா குறைன்னு கேட்டுத்தான் மேசையில போடறான். குறை தேடறவன்தான் முழுசா பாப்பான்."

"புத்தகத்துல போய்க் குறை தேடச் சொல்றதா?"

"சொல்லிப் பாரேன். ஆனா ஒண்ணு. ஓரத்தைப் பாத்துட்டு ரிஜெக்ட்னு சொல்லக் கூடாது. கழுத்துலருந்து வால் வரைக்கும் விரிச்சுப் பாக்கணும். ரெண்டு பேரு ஒத்துக்கணும். ஒத்துக்கலன்னா மூணாவது ஆளு பாக்கணும். இது இல்லன்னா அது செலக்‌ஷனே இல்ல."

அவர் சொன்னது சரி என்று அங்கேயே ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. "தோசை ஆறுது, சாப்பிடுங்க," என்றேன்.

மறுநாள் வகுப்பில் ஒரு மேசையை வடக்கு ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். இன்றிலிருந்து இது செலக்‌ஷன் மேசை, இந்த பீரோவில் இருப்பது நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியாது, நீங்கள்தான் தரம் பிரித்துச் சொல்ல வேண்டும் என்றேன். கணவர் சொன்ன விதிகளையும் சொன்னேன். தரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைக்க வேண்டும், புத்தகத்தின் மேல் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். சாவி ஞாபகம் எனக்கு எப்போதும் இருந்தது.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அருணகிரி மெதுவாகக் கை தூக்கினான்.

"ரிஜெக்ட் பண்ணலாமா டீச்சர்?"

"முழுசாப் படிச்சிட்டுப் பண்ணலாம்."

அன்றைக்கு பீரோவைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. அருணகிரி ரிஜெக்ட் பண்ணுவதற்கென்றே ராஜாக்கள் கதை ஒன்றைத் தேடி எடுத்தான், இருப்பதிலேயே தடிமனானது. தண்ணீர்க் குழாய் வரிசையிலும் ரேஷன் கடை வரிசையிலும் நின்றுகொண்டு படித்தான். ஒரு வாரம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"ரிஜெக்ட் இல்ல டீச்சர், தேர்ட்."

"ஏன், என்னாச்சு?"

"கடைசிப் பத்துப் பக்கம் நல்லாக்கீது."

தோல் பேச்சு தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் என்பதால் அவர்களுக்குச் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. கதையின் ஆரம்பம் கழுத்து, நடு வயிறு, முடிவு வால். "கழுத்து நல்லா கெட்டியா இருக்குது டீச்சர், வயிறுதான் தொய்யுது," என்றாள் ஒருத்தி. எட்டு வருஷம் தமிழ்ப்பாடம் நடத்திய நான் அதைவிடத் தெளிவாக ஒரு கதையைப் பற்றிச் சொன்னதில்லை. இன்னொரு புத்தகத்தில் ஆசிரியர் பக்கத்துக்குப் பக்கம் 'குழந்தைகளே, குழந்தைகளே' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மாட்டுத் தோலில் உண்ணி கடித்த புள்ளிகள் இருக்குமே, அதை நினைத்துச் சீட்டில் 'உண்ணிக்கடி ஜாஸ்தி' என்று எழுதிவிட்டார்கள்.

ஒரு நரிக் கதை ஃபர்ஸ்டா செகண்டா என்று சண்டை போட்டு இரண்டு பெண்கள் நான்கு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது ஆளாக வந்தவள் படித்துவிட்டு ஃபர்ஸ்ட் என்றதும், தோற்றவள் அதே கதையை மறுபடி எடுத்துக்கொண்டு போனாள், எங்கே தவறவிட்டோம் என்று பார்க்க. சண்டை டேனரி வரைக்கும் போயிற்று. வேலை முடிந்து வரும்போது பிள்ளைகளின் அப்பாக்கள் என் கணவரை வழிமறித்து நியாயம் கேட்டார்களாம். அவர் அதை வீட்டில் வந்து சொன்ன விதத்தில் கர்வம் வழிந்தது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நாட்களில் பள்ளிக்கூடத்திலிருந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டேதான் வீட்டுக்கு நடந்தேன்.

அக்டோபரில் வந்தது வினை. பீரோவில் ஐசக் சார் எழுதிய புத்தகம் ஒன்று இருந்தது. 'நன்னெறிக் கதைச்செண்டு', பன்னிரண்டு கதைகள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் வேலூரில் அச்சடித்தது. ஊரில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் சார் கையில் அந்தப் புத்தகத்தோடுதான் வருவார். எங்கள் கல்யாணத்துக்கும் கொடுத்தார். அது எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் எங்கேயோ இருந்தது.

தலைமை ஆசிரியர் எழுதியது என்பதால் போட்டி போட்டுக்கொண்டு படித்தார்கள். இரண்டு பேர் பார்த்து, ஒத்துக்கொள்ளாமல் மூன்றாவது ஆள் பார்த்து, அதிலும் திருப்தி இல்லாமல் இருபத்தாறு பேர் படித்துவிட்டார்கள். எப்படியாவது ஒரு தேர்டாவது கொடுத்துவிடலாம் என்று எல்லோருக்கும் ஆசைதான். முடியவில்லை. சீட்டில் இப்படி எழுதியிருந்தது: 'ரிஜெக்ட். கதை பரவாயில்லை. ஒவ்வொரு கதைக்கும் வால் ஜாஸ்தி.'

பிரித்துப் பார்த்தேன். சின்னச் சின்னக் கதைகள். நான் புரட்டியவரை ஒவ்வொன்றும் முடிந்த பிறகு புதுத் தாளில் 'இதனால் நாம் அறிய வேண்டியது' என்று ஆரம்பித்து முன்னும் பின்னும் அறிவுரை. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, புத்தகத்தைக் கடைசித் தட்டில் மற்றவற்றுக்குப் பின்னால் செருகிவிட்டேன். பயந்தவர்களைப் பற்றி மேலே நான் எழுதியதை நீங்கள் மறந்துவிட்டால் நல்லது.

நவம்பர் கடைசியில் நசீமுன்னிசா என்னிடம் வந்தாள். அதிகம் பேசாத பெண். அவள் அப்பா சர்தார் பாஷா என் கணவர் வேலை பார்த்த அதே டேனரியில் ட்ரிம்மிங் பார்ப்பவர். அதாவது தோலின் ஓரத்தில் தொங்குகிற பிசிறுகளைக் கத்தரித்து ஒழுங்கு செய்பவர்.

"சார் புக்கை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன் டீச்சர்."

"அதுதான் ரிஜெக்ட் ஆயிடுச்சே."

"இன்னொரு தடவை பாக்கறோம் டீச்சர். பாவமாக்கீது."

டேனரியிலும் ரிஜெக்ட் ஆன தோலை மறுபடி பார்ப்பது உண்டு என்பதால் நான் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் திருப்பிக் கொண்டுவந்து அவளே தட்டில் வைத்துவிட்டாள்.

டிசம்பரில் பரீட்சை முடிந்த மறுநாள் ஐசக் சார் பதிவேட்டோடு வந்தார். ஒவ்வொரு புத்தகமாக எடுத்தார், பக்கங்களை விரலால் தள்ளிப் பார்த்தார், பதிவேட்டில் குறியிட்டார். உள்ளே இருந்த சீட்டுகளைப் படித்துப் புருவத்தை உயர்த்தினார், அடுத்த புத்தகத்தை எடுத்தார். ஒரு பக்கம் கிழியவில்லை, ஒரு புத்தகம் குறையவில்லை. இருநூற்றுப் பதினைந்து முடிந்தபோது எனக்கு அழுகை வரும் போல இருந்தது. சாவி எனக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

கடைசியாகத் தன் புத்தகத்தை எடுத்தார். கைக்குட்டையால் அட்டையைத் துடைத்தார். கையில் வைத்துப் பார்த்து, "என்ன இது, மெலிஞ்சு போன மாதிரி இருக்கு," என்று சொல்லிப் பிரித்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பத் திருப்ப அவர் முகம் மாறிற்று. எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கதைக்குப் பின்னாலும் இருந்த அறிவுரைத் தாள், தையலை ஒட்டி, நூல் பிடித்தாற்போல நேராக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. நடுவில் ஒரு சீட்டு: 'ட்ரிம் செய்தது. செகண்ட்.'

பள்ளிக்கூடத்தில் இத்தனை புத்தகம் இருக்க, தலைமை ஆசிரியர் எழுதியதா கிடைத்தது என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

"யார் செய்தது?" என்றார் ஐசக் சார். சத்தம் போடவில்லை.

நசீமுன்னிசா எழுந்தாள். அடுத்த நிமிஷம் அருணகிரியும் எழுந்தான். "நானும் ஒத்துக்கினேன் சார். ரெண்டு பேரு ஒத்துக்கணும்."

"ஏன் வெட்டினீங்க?"

"ரிஜெக்ட் ஆயிடுச்சு சார்," என்றாள் நசீமுன்னிசா. "ரிஜெக்ட்ல இருந்தா யாரும் எடுக்க மாட்டாங்க. உள்ள தோல் நல்லாத்தான் இருந்துச்சு. தொங்கறதை மட்டும் ட்ரிம் பண்ணா செகண்ட்ல போவும்னு பண்ணேன். அப்பா கத்தரிக்கோல் சார், நல்லா கூரு. தூக்கிப் போடல, எல்லாம் இதுல இருக்குது." பைக்குள்ளிருந்து ஒரு பழைய உறையை எடுத்து நீட்டினாள். டேனரியில் வெட்டின துண்டைக்கூட வீணாக்க மாட்டார்கள். பசை காய்ச்ச அனுப்பிவிடுவார்கள்.

சார் உறையை வாங்கித் தாள்களை எண்ணினார். "பதினொண்ணுதான் இருக்கு. கதை பன்னிரண்டாச்சே."

"ஒண்ணு வெட்டல சார்."

"எது?"

"ஆத்துல தோல் கழுவறவரு பையன் கதை. பள்ளிக்கூடத்துல அவன் மேல தோல் நாத்தம் அடிக்குதுன்னு யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்களே, அது. அதுல எங்க வெட்டறதுன்னு தெரியல. கதை எங்க முடியுது, வால் எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்தோம். ஒண்ணாவே இருந்துச்சு. அது மட்டும் தனியா குடுத்தா ஃபர்ஸ்ட் சார்."

ஐசக் சார் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். நானும் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தேன். 'இதனால் நாம் அறிய வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அவன் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. ஏழாம் வகுப்பு முடியும்வரை காலியாகவே இருந்தது.' இவ்வளவுதான் எழுதியிருந்தது.

பிறகு மேசையோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தனை பேர் இதை முழுசாப் படிச்சீங்க?"

மற்றவர்களும் எழுந்து நின்றார்கள், மொத்தம் இருபத்தாறு பேர். அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சிருக்கீங்களா டீச்சர்?"

கல்யாணப் பரிசாக வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த வகுப்பில் அன்றைக்குப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "இல்ல சார்," என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"யாரும்தான் படிக்கல," என்றார். குரலில் கோபமே இல்லை. "பதினொரு வருஷமா எல்லாரும் நல்ல புக்குன்னு சொன்னாங்க. அதுல எந்தக் கதைன்னு ஒருத்தரும் சொல்லல." அப்புறம் பிள்ளைகளைப் பார்த்து, பாடம் நடத்துகிற சாதாரணக் குரலில் சொன்னார். "மத்த பதினொண்ணும் நான் யோசிச்சு எழுதினது. இது யோசிச்சது இல்ல. அந்தப் பையன் நான்தான்."

அருணகிரிதான் கேட்டான். "எந்தப் பெஞ்சு சார்?"

சார் முதல்முறையாகச் சிரித்தார். ஜன்னலோரத்துப் பெஞ்சைக் காட்டினார். கைக்குட்டையை எடுத்து இந்தத் தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தையும் உறையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பேச்சு பேச்சாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கிழிந்தாலும் என்று சொன்னார், பதினொரு தாள் போயிருக்கிறது. பிள்ளைகள் பார்க்காதபடி பீரோவைப் பூட்டி, அவர் அறைக்குப் போய்ச் சாவியை மேசைமேல் வைத்தேன். கை வரவே இல்லை. அவர் அந்த மெலிந்த புத்தகத்தை முதல் கதையிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு டீச்சர் சாவி?"

"புக்கு கிழிஞ்சிருக்கே சார்."

"கிழிக்கறது வேற, ட்ரிம் பண்றது வேற. முப்பது வருஷம் தோல் கழுவினவர் பிள்ளை நான், எனக்கா தெரியாது?" சாவியை என் பக்கம் தள்ளினார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, நீளமான நோட்டு ஒன்றை எடுத்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவராகக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "இதுல பத்தொன்பது கதை இருக்கு. யார்கிட்டயும் காட்டினதில்ல. லீவு விடறதுக்குள்ள அந்தப் பொண்ணை இங்க வரச் சொல்லுங்க. கத்தரிக்கோலையும் எடுத்துட்டு வரட்டும்."

சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"டீச்சர், ரொம்ப வெட்டிட மாட்டாளே?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றேன். "அது தோலைப் பொறுத்தது."